போனை எடுக்காத வாக்காளர்: அமெரிக்கக் கருத்துக்கணிப்பையும் பெரிய ஊடகங்களையும் எவ்வளவு நம்பலாம்?

கேள்வி, 2025 பிப்ரவரி 4

2016, 2020, 2024 என்று மூன்று தேர்தல். மூன்றிலும் டிரம்ப்பைக் குறைத்தே காட்டினார்கள். கை தவறிப் போன பிழை என்றால் ஒரு தடவையாவது மறுபக்கம் சாய்ந்திருக்க வேண்டாமா? பெரிய சேனல்களும் பத்திரிகைகளும் சேர்ந்து வலதுசாரி வாக்காளரைச் சோர வைக்கத்தான் இப்படிச் செய்கின்றன என்பது என் முடிவு. இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

பாதி சரி. மூன்று தடவையும் ஒரே திசையில் சாய்ந்தது உண்மை. அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. கணிப்பாளர்களின் சொந்தச் சங்கமே (அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வாளர் சங்கம்) 2020 கணிப்புகளைக் குடைந்து பார்த்துவிட்டு, தேசிய அளவில் 40 ஆண்டுகளில் இவ்வளவு பெரிய பிழை வந்ததில்லை என்று எழுதியது. கடைசி இரண்டு வாரக் கணிப்புகள் பைடனின் முன்னிலையைச் சராசரியாக 3.9 புள்ளி கூட்டிக் காட்டின. மாநிலக் கணிப்புகளில் அது 4.3. அதிலும் பெரும்பங்கு டிரம்ப்பின் ஓட்டைக் குறைத்து எண்ணியதால் வந்தது.

"வேண்டுமென்றே" என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தேர்தலில் போனில் கேட்டவர்களும் தவறினார்கள், இணையத்தில் கேட்டவர்களும் தவறினார்கள், பல்கலைக்கழகமும் தவறியது, தனியார் நிறுவனமும் தவறியது. இவ்வளவு பேர் கூடிப் பேசி ஒரே பொய்யைச் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் ஒரே குளத்தில் வலை வீசினார்கள், அந்தக் குளத்தில் ஒரு வகை மீன் மட்டும் வலைக்கு வராமல் அடியில் தங்கிவிட்டது. அந்த மீன் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2016-ல் தேசியக் கணிப்புகள் கவிழ்ந்தன, 2020-ல் இன்னும் மோசம், 2024-ல் கொஞ்சம் தேறின. இதுதான் வரிசை.

பிப்ரவரி 5

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 2016-ல் தேசியக் கணிப்புகள் கவிழ்ந்தன என்றது தப்பு. தேர்தலுக்கு முந்தைய சராசரி டிரம்ப்பை எதிர்த்த ஹிலரி கிளின்டனுக்குச் சுமார் 3 புள்ளி முன்னிலை தந்தது. எண்ணி முடித்தபோது மொத்த வாக்கில் அவர் 2.1 புள்ளி முன்னால் இருந்தார். இதைக் கவிழ்ந்தது என்று சொல்ல முடியாது.

கவிழ்ந்தவை மாநிலக் கணிப்புகள். அதிபரைத் தீர்மானிப்பது மொத்த வாக்கு இல்லை, மாநில வாரியான வெற்றிதான். விஸ்கான்சினில் சராசரி அவரை ஆறு புள்ளிக்கு மேல் முன்னால் காட்டியது. டிரம்ப் 22,748 ஓட்டில் ஜெயித்தார். மிச்சிகனில் 10,704, பென்சில்வேனியாவில் 44,292. மூன்று மாநிலமும் சேர்ந்து எண்பதாயிரத்துக்கும் குறைவான ஓட்டு, அதில் அதிபர் பதவி கைமாறியது. தேசிய எண்ணை மட்டும் வைத்து "நாங்கள் சரியாகத்தான் சொன்னோம்" என்று பேசும் கணிப்பாளர்களை ஏற்கக் கூடாது. மாநில எண்ணை மட்டும் வைத்து "எல்லாமே பொய்" என்பதும் அதே மாதிரி அரைக் கணக்கு.

பிப்ரவரி 6

மாநிலத்தில் ஏன் தவறியது என்று கேட்டிருக்கிறீர்கள். எடை போடும் முறையைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.

ஆயிரம் பேரிடம் பேசியாயிற்று. பட்டதாரிகள்தான் பேட்டிக்கு எளிதில் இசைவார்கள் என்பதால் 550 பட்டதாரி, 450 பட்டம் இல்லாதவர் கிடைத்திருக்கிறார்கள். பட்டதாரிகள் 58-42 என்று ஜனநாயகக் கட்சிப் பக்கம், மற்றவர்கள் 55-45 என்று டிரம்ப்பின் குடியரசுக் கட்சிப் பக்கம். அப்படியே கூட்டினால் ஜனநாயகக் கட்சி 52.2, குடியரசுக் கட்சி 47.8. நாலு புள்ளிக்கு மேல் முன்னிலை.

ஆனால் அந்த மாநில வாக்காளரில் பட்டதாரி 40 சதவீதம்தான். அதனால் பட்டதாரி ஒவ்வொருவரையும் 0.73 ஆளாகவும், பட்டம் இல்லாதவரை 1.33 ஆளாகவும் எண்ண வேண்டும். இதுதான் எடை. இப்போது 50.2-க்கு 49.8. நாலு புள்ளி முன்னிலை காணாமல் போய்விட்டது. யாரும் புதிதாக ஒரு போன்கூடச் செய்யவில்லை.

2016-ல் பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதிக்கு இந்த எடையைப் போடவே இல்லை. வயது, பாலினம், இனம் மூன்றுக்கும் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அதுவரைக்கும் அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் பட்டத்தை வைத்து ஓட்டு இவ்வளவு பிரிந்ததில்லை. கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்கள் டிரம்ப் பக்கம் சாய்ந்ததும் இன்னொரு காரணம் என்று 2017-ல் வந்த அதே சங்கத்தின் ஆய்வு சொன்னது.

பிப்ரவரி 6, சற்று பிறகு

"அப்படியானால் 2020-ல் கல்வி எடையைப் போட்டார்களே, ஏன் இன்னும் மோசமானது?"

சரியான கேள்வி. மேலே உள்ள கணக்கைத் தொடருங்கள். உங்களிடம் பேசிய பட்டமில்லாதவர்கள் 55-45. பேசாத பட்டமில்லாதவர்களையும் சேர்த்தால் அந்தக் கூட்டம் உண்மையில் 58-42 என்று வையுங்கள். எடையெல்லாம் சரியாகப் போட்ட கணிப்பு ஜனநாயகக் கட்சிக்கு 0.4 முன்னிலை காட்டும். வாக்குப்பெட்டி குடியரசுக் கட்சிக்கு 3.2 தரும். எடை போடுவது எத்தனை பேர் என்பதைச் சரிசெய்யும். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பேச ஒப்புக்கொண்டவர் வேறு மாதிரி ஆளாக இருந்தால், எடையைக் கூட்டக் கூட அந்த வேறு மாதிரி ஆளைத்தான் பெருக்கிக்கொண்டு போவோம்.

வயதுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் எண் இருக்கிறது. பாலினத்துக்கு, இனத்துக்கு, படிப்புக்கு இருக்கிறது. "முன்பின் தெரியாதவர் போனில் கேட்டால் நம்பிப் பேசுவாரா" என்பதற்கு எந்தக் கணக்கெடுப்பிலும் கட்டம் கிடையாது. பெரிய ஊடகத்தின் பெயரைச் சொன்னதும் போனை வைத்துவிடுகிறவர் யார்? அந்த ஊடகத்தை நம்பாதவர். பெரும்பாலும் நம் வலதுசாரிப் பக்கத்து ஆள். அடியில் தங்கிய மீன் என்று முதல் நாள் சொன்னது இவரைத்தான்.

பிப்ரவரி 8

"டிரம்ப் ஆதரவாளர்கள் வெட்கப்பட்டுப் பொய் சொல்கிறார்கள்" என்பதை மூன்று பேர் எழுதிவிட்டார்கள். இதற்குச் சான்று மிகக் குறைவு. வெட்கம்தான் காரணமென்றால், மனிதக் குரலுக்குச் சொல்லத் தயங்குவதைத் திரையில் தயங்காமல் தட்டியிருப்பார்கள். இணையக் கணிப்புகள் போன் கணிப்புகளைவிடச் சரியாக வந்திருக்கும். 2020-ல் அப்படி வரவில்லை.

பிரிட்டனில் இதே வாதம் 1992-லிருந்து ஓடுகிறது. அந்த ஆண்டு கணிப்புகள் தொழிற்கட்சியைச் சற்று முன்னால் காட்டின, கன்சர்வேட்டிவ் கட்சி ஏழு புள்ளிக்கு மேல் முந்தியது. "கூச்சப்படும் கன்சர்வேட்டிவ்" என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. 2015-ல் மறுபடியும் சமநிலை என்றார்கள், மறுபடியும் ஏறக்குறைய ஏழு புள்ளி. இம்முறை ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்து பார்த்து, கூச்சம் காரணமல்ல, பேட்டிக்குக் கிடைத்த கூட்டமே மொத்த மக்களைப் போல இல்லை என்று முடித்தது. பொய் சொன்னவர்களைவிடப் பேசவே வராதவர்கள்தான் கணக்கைக் கெடுத்தார்கள்.

பிப்ரவரி 9

பதிலளிப்பு வீதம் எவ்வளவு என்று கேட்டவருக்கு: பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசி ஆய்வுகளில் 1997-ல் 36 சதவீதம், 2012-ல் 9, 2018-ல் 6. நியூயார்க் டைம்ஸ், சியெனா கல்லூரியோடு சேர்ந்து 2022-ல் நடத்திய ஒரு கணிப்பில் சுழற்றிய எண்களில் 0.4 சதவீதம்தான் முழுப் பேட்டியானது. அதாவது 250 தடவை எண்ணைச் சுழற்றினால் ஒருவர். மிச்சம் 249-ல் எடுக்காதவர், வைத்தவர், செல்லாத எண் எல்லாம் அடக்கம். அந்த ஒருவர் மிச்சப் பேரைப் போலவே இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் முழுக் கட்டடமும் நிற்கிறது.

பிப்ரவரி 10

ஒரே தரவு, ஐந்து விடை. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கணிப்பைப் பற்றிப் பேசக் கூடாது. 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஃபுளோரிடாவில் 867 பேரிடம் எடுத்த பேட்டிகளின் மூலத் தரவை நான்கு தேர்ந்த கணிப்புக் குழுக்களிடம் கொடுத்தது. ஒரு குழு கிளின்டனுக்கு 4 முன்னிலை என்றது, இன்னொன்று 3, இன்னொன்று 1, நாலாவது குழு டிரம்ப்புக்கு 1 என்றது. பத்திரிகையின் சொந்தக் கணக்கு கிளின்டனுக்கு 1. பேட்டி கொடுத்தவர்கள் அதே ஆட்கள்தான். யாரை "ஓட்டுப் போடக்கூடியவர்" என்று சேர்ப்பது, எந்த எண்ணுக்கு எடை போடுவது என்ற தீர்மானங்கள் மட்டும்தான் மாறின. ஐந்து புள்ளி இடைவெளி.

இந்தச் சோதனையை வெளியிட்டது நாம் நம்பாத அதே பத்திரிகை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிப்ரவரி 12

அயோவா மாநிலம். 2024 நவம்பர் 2, தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு. டெ மொய்ன் ரெஜிஸ்டர் நாளிதழுக்காக ஆன் செல்சர் எடுத்த கணிப்பு: ஹாரிஸ் 47, டிரம்ப் 44. 808 பேர். முடிவில் டிரம்ப் 13 புள்ளியில் வென்றார். 16 புள்ளிப் பிழை.

இதைத்தான் சதிக்குச் சான்றாக அதிகம் காட்டுகிறார்கள். ஆனால் அவருடைய பழைய எண்களையும் எடுத்துப் பாருங்கள். 2016-ல் டிரம்ப்புக்கு 7 முன்னிலை என்றார், முடிவு 9-க்குச் சற்று மேல். 2020-ல் மற்றவர்கள் சமநிலை என்றபோது இவர் மட்டும் டிரம்ப்புக்கு 7 என்றார், முடிவு 8. அப்போது வலதுசாரிகள்தான் இவரைக் கொண்டாடினார்கள். அவர் முறை எளியது. எண்களைத் தற்போக்காகச் சுழற்றி, எடையைக் குறைவாகப் போட்டு, பழைய தேர்தலை வைத்து எதையும் திருத்தாமல், வந்ததை அப்படியே வெளியிடுவது. அந்த முறை இரண்டு தடவை டிரம்ப் அலையைப் பிடித்ததும், மூன்றாவது தடவை கவிழ்ந்ததும் ஒரே காரணத்தால்தான்: யார் போனை எடுத்தார்களோ அவர்களை அப்படியே நம்பியது.

என் கோபம் செல்சர் மீது இல்லை. ஒரே ஒரு மாநிலத்தின் ஒரே ஒரு கணிப்பை வைத்து அந்த வார இறுதி முழுக்கத் திரையில் வரைபடத்தை மாற்றி மாற்றிப் பேசினார்களே, அவர்கள் மீதுதான். ஒரு கணிப்பு மற்ற எல்லாவற்றிலிருந்தும் எட்டுப் பத்துப் புள்ளி விலகி நின்றால், சராசரியில் போட்டுவிட்டு நகர வேண்டும். அவர்கள் அதைத் தலைப்பாக்கினார்கள். 2020 அக்டோபரில் விஸ்கான்சினில் பைடனுக்கு 17 புள்ளி முன்னிலை என்று ஏபிசியும் வாஷிங்டன் போஸ்ட்டும் வெளியிட்டதும் அப்படித்தான் ஓடியது. அங்கே பைடன் ஜெயித்தது 20,682 ஓட்டில், ஒரு சதவீதம்கூட இல்லை.

பிப்ரவரி 13

"808 பேர், பிழை வரம்பு 3.4 என்று போட்டிருந்தார்களே, பிழை எப்படி 16 ஆனது?"

பிழை வரம்பு என்றால் எண் இவ்வளவு மேலோ கீழோ போகலாம் என்பது. அதை நீங்களே போடலாம். 98-ஐப் பேட்டி கொடுத்தவர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 808-ன் வர்க்கமூலம் 28.4. வகுத்தால் 3.4. ஆயிரம் பேர் என்றால் 3.1. இதில் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

அந்த 3.4 ஒரு வேட்பாளரின் எண்ணுக்கு மட்டும். ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்குவார் என்பதால் முன்னிலைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு, அதாவது 6.5-க்கு மேல். "3 புள்ளி முன்னிலை, பிழை வரம்பு 3.4" என்று செய்தியாளர் சொல்வதே தவறான ஒப்பீடு.

இரண்டாவது, எடை போட்டால் பேட்டி கொடுத்தவர் எண்ணிக்கையே சுருங்கின மாதிரிதான். 2016-ல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸும் நடத்திய தொடர் கணிப்பில், இல்லினாயைச் சேர்ந்த 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் சராசரி ஆளைவிட 30 மடங்கு வரை எண்ணப்பட்டார். சுமார் மூவாயிரம் பேர் உள்ள கணிப்பு அது. அவர் டிரம்ப் ஆதரவாளர். அவர் ஒருவர் அந்த வாரம் பதில் சொன்னால் ஓர் எண், சொல்லாவிட்டால் வேறோர் எண், நாடு முழுவதுக்கும்.

மூன்றாவதுதான் பெரியது. இந்தச் சூத்திரம் குலுக்கல் பிழையை, அதாவது தற்செயலாக யார் மாட்டினார் என்பதால் வரும் பிழையை மட்டும் அளக்கும். போனை எடுக்காதவரால் வரும் பிழை அதில் இல்லவே இல்லை. பழைய தேர்தல்களின் கணிப்புகளை முடிவுகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. உண்மைப் பிழை, அச்சிட்ட வரம்பு சொல்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றது. ஆக, அச்சிட்ட வரம்பை இரட்டிப்பாக்கி, முன்னிலைக்காக மறுபடியும் இரட்டிப்பாக்கிப் படியுங்கள். 3 என்று போட்டிருந்தால் உங்கள் மனதில் 12 ஓட வேண்டும்.

பிப்ரவரி 17

கணிப்பை விட்டுச் செய்திக்கு வருவோம். கேள்வியின் இரண்டாவது பாதி அதுதானே.

கேலப் நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியில், ஊடகத்தைப் பெருமளவோ ஓரளவோ நம்புகிறேன் என்றவர்கள் 1976-ல் 72 சதவீதம். 2024-ல் 31. குடியரசுக் கட்சியினரில் 12, ஜனநாயகக் கட்சியினரில் 54. (இதுவும் ஒரு கருத்துக்கணிப்புதான். ஊடகத்தை நம்பாதவர் போனை எடுப்பதில்லை என்றால், உண்மையான எண் இதைவிடக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம்.)

காரணம் இல்லாமல் இறங்கவில்லை. பத்திரிகையாளர்களிடையே பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆய்வில், தன்னைக் குடியரசுக் கட்சிக்காரர் என்று சொன்னவர்கள் 1971-ல் நாலில் ஒருவர். 2022-ல் 3.4 சதவீதம். ஜனநாயகக் கட்சி 36, மற்றவர்கள் பெரும்பாலும் சுயேச்சை. ஓர் அறையில் நூறு பேர், அதில் நம்மைப் போல நினைப்பவர் மூன்று பேர். பொய் எழுத வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. "இது சரிதானா?" என்று கேட்க ஆள் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

2004 செப்டம்பர் 8, சிபிஎஸ் தொலைக்காட்சி. அதிபர் புஷ்ஷின் தேசியக் காவல் படைச் சேவை பற்றி 1970-களின் தொடக்கத்தில் தட்டச்சு செய்ததாகச் சில குறிப்புகளைக் காட்டினார்கள். சில மணி நேரத்தில் இணையத்தில் வலதுசாரி வாசகர்கள் எழுத்துருவைப் பிடித்தார்கள். அக்காலச் சாதாரணத் தட்டச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலம். இந்தத் தாளில் எழுத்துக்கேற்ப அகலம் மாறியது, சிறிய மேலெழுத்தும் இருந்தது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் எந்த அமைப்பையும் மாற்றாமல் அதே வரிகளை அடித்தால் அச்சு அசலாகப் பொருந்தியது. சேனல் பன்னிரண்டு நாள் தற்காத்துவிட்டு, செப்டம்பர் 20-ல்தான் அந்தத் தாள்களை நம்பகமானவை என்று நிறுவ முடியவில்லை என்று ஒப்புக்கொண்டது. அந்தப் பன்னிரண்டு நாளை வலதுசாரி வாசகர் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

பிப்ரவரி 18

ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடனின் மடிக்கணினியிலிருந்து எடுத்ததாகச் சொன்ன மின்னஞ்சல்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் படிக்க வேண்டிய பாடம் தலைப்புக்கும் ஆவணத்துக்கும் உள்ள தூரம். 2020 அக்டோபர் 14-ல் அவற்றைப் பற்றி நியூயார்க் போஸ்ட் செய்தி வந்தது. ட்விட்டர் அந்த இணைப்பையே பகிர விடாமல் தடுத்தது. அக்டோபர் 19-ல் முன்னாள் உளவு அதிகாரிகள் 51 பேர் எழுதிய கடிதம் வெளியானது. பொலிட்டிகோ செய்தித் தளம் அதற்குக் கொடுத்த தலைப்பு, மடிக்கணினிக் கதை ரஷ்யத் திரிப்பு என்று அதிகாரிகள் சொல்வதாக. கடிதத்தைத் திறந்து படித்தால், மின்னஞ்சல்கள் உண்மையா இல்லையா என்று தங்களுக்குத் தெரியாது, ரஷ்யாவுக்குப் பங்கு இருப்பதற்குத் தங்களிடம் சான்று இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். சந்தேகம் என்று எழுதியது தலைப்பில் முடிவாக மாறியது. 2022 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்ட்டும் அந்த மின்னஞ்சல்களில் பலவற்றை உண்மையானவை என்று உறுதிசெய்தன. தேர்தல் முடிந்து பதினாறு மாதம் கழித்து.

கடிதம் நாலைந்து நிமிடத்தில் படித்து முடிக்கக்கூடியது. அன்றைக்கு அதைப் படித்தவர் ஏமாந்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 19

நம் பக்கத்துக் கணக்கையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மேலே எழுதிய எதற்கும் மதிப்பில்லை.

2012-ல் கணிப்புகள் ஒபாமா பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று நம் பக்கத்தில் சிலர் சொல்லி, ஜனநாயகக் கட்சியினரின் பங்கைத் தாங்களாகக் குறைத்து "சாய்வு நீக்கிய" எண்களை வெளியிட்டார்கள். குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னி ஜெயிப்பார் என்று வந்தது. ஒபாமா 3.9 புள்ளியில் ஜெயித்தார். எங்கே தவறியது? கட்சி அடையாளம் வயதைப் போல நிலையானது இல்லை. இந்த மாதம் சுயேச்சை என்பவர் அடுத்த மாதம் கட்சிப் பெயர் சொல்வார். விஸ்கான்சின், மிச்சிகன், ஜார்ஜியா, டெக்சஸ் மாநிலங்களில் வாக்காளர் பதிவில் கட்சியே கிடையாது. எதை வைத்துத் திருத்துவீர்கள்? ராம்னி 49, ஒபாமா 48 என்று கேலப்பும் கடைசியில் சொன்னது. கணிப்பு அந்த ஆண்டு தவறியது நமக்குச் சாதகமாகத்தான்.

2022-லும் அதே கதை. "சிவப்பு அலை" வருகிறது என்று குடியரசுக் கட்சிச் சார்புக் கணிப்புகள் கடைசி வாரங்களில் குவிந்தன. பென்சில்வேனியா செனட் இடத்துக்குச் சராசரியில் குடியரசுக் கட்சியின் ஓஸ் மயிரிழை முன்னால் நின்றார். ஜனநாயகக் கட்சியின் ஃபெட்டர்மன் ஏறக்குறைய 5 புள்ளியில் வென்றார்.

முதல் கேள்விக்கு இதுவும் பதில்: மறுபக்கம் சாயவே இல்லை என்பது சரியல்ல. டிரம்ப்பின் பெயர் வாக்குச்சீட்டில் இருந்த மூன்று தேர்தலிலும் ஒரு பக்கம் சாய்ந்தது. வழக்கமாக ஓட்டுப் போடாதவர்களை அவர் வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்தார். அவர்கள்தான் போனை எடுக்காதவர்களும்.

செய்தியிலும் அப்படியே. டொமினியன் வாக்கு இயந்திர நிறுவனம் 2020 தேர்தலில் மோசடி செய்தது என்று ஒளிபரப்பியவற்றுக்காக ஃபாக்ஸ் நியூஸ் 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. சிபிஎஸ் தாளுக்குக் கேட்கிற கேள்வியை இங்கேயும் கேட்கிறவர்தான் ஊடகத்தை அவநம்பிக்கையோடு பார்க்கத் தகுதியானவர்.

பிப்ரவரி 21

வாக்குச்சாவடி வாசலில் எடுக்கும் கணிப்பு நம்பகமானதா என்றால், ஓட்டுப் போட்டவரைத்தான் கேட்கிறார்கள் என்ற ஒரு நன்மை உண்டு. மற்றபடி நோய் ஒன்றே. 2004-ல் அது புஷ்ஷை எதிர்த்த கெர்ரியை 51-48 என்று முன்னால் காட்டியது, புஷ் இரண்டரைப் புள்ளியில் ஜெயித்தார். கணிப்பை நடத்தியவர்களே 2005 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டார்கள். கெர்ரி வாக்காளர் நூற்றில் 56 பேரும் புஷ் வாக்காளர் நூற்றில் 50 பேரும் தாளை நிரப்பித் தந்தால் போதும், முழுப் பிழையும் விளங்கிவிடும் என்றார்கள். நூற்றுக்கு ஆறு பேர் "வேண்டாம்" என்று நடந்து போனதில் ஒரு நாடு முழுக்க அன்று மாலை தவறான அதிபரை எதிர்பார்த்தது.

2000-ல் ஃபுளோரிடாவில் ஜனநாயகக் கட்சியின் கோர் ஜெயித்தார் என்று சேனல்கள் அறிவித்தது கிழக்கு நேரப்படி மாலை 7.50 அளவில். அந்த மாநிலத்தின் மேற்கு மூலை மத்திய நேரத்தில் இருக்கிறது. அங்கே வாக்குச்சாவடி மூட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அது குடியரசுக் கட்சியின் கோட்டை. பின்னர் அறிவிப்பைத் திரும்பப் பெற்று, நள்ளிரவுக்குப் பின் புஷ்ஷுக்கு அறிவித்து, அதையும் திரும்பப் பெற்றார்கள். கடைசி வித்தியாசம் 537 ஓட்டு.

பிப்ரவரி 25

ஒரு கணிப்பு கைக்கு வந்தால் எதைப் பார்ப்பது என்று தனியாகக் கேட்டவருக்கு.

செய்தியை மூடிவிட்டு முறைக்குறிப்புப் பக்கத்தைத் திறங்கள். அது இல்லாத கணிப்பை அங்கேயே விட்டுவிடலாம். எந்தத் தேதிகளில் பேசினார்கள்? ஒரே இரவில் எடுத்ததா, நாலைந்து நாளா? ஒரே இரவு என்றால் முதல் அழைப்பில் எடுத்தவர்கள் மட்டும்தான் உள்ளே. யாரைக் கேட்டார்கள்: வயது வந்த எல்லோருமா, பதிவுசெய்த வாக்காளரா, ஓட்டுப் போடக்கூடியவரா? எண்களை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தார்களா, காசு கொடுத்து இணையத்தில் சேர்த்த குழுவா?

பிறகு எடைப் பட்டியல். கல்வி இருக்கிறதா? "போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள்" என்பதற்கு எடை போட்டிருக்கிறார்களா? 2024-ல் பலர் இதைச் செய்தார்கள், டிரம்ப்பின் எண் உண்மைக்குக் கிட்டத்தில் வந்ததற்கு அது ஒரு காரணம். ஆனால் இதிலும் பள்ளம் உண்டு. ஜெயித்தவருக்குத்தான் போட்டேன் என்று தோற்றவருக்குப் போட்டவரும் சொல்லுவார். போன தடவை போடாதவர் கணக்கில் ஒதுங்கிவிடுவார். எல்லோரும் போன தேர்தலுக்கே இழுத்துக் கட்டுவதால் எல்லாக் கணிப்பும் ஒன்று போலத் தெரியும். 2024-ல் இழுபறி மாநிலங்களில் கணிப்புக்குக் கணிப்பு "சமநிலை, ஒன்று முன்னால், ஒன்று பின்னால்" என்று வந்தது. குலுக்கல் பிழை மட்டும் இருந்தாலே அதைவிட அதிகம் சிதறியிருக்க வேண்டும்.

கேள்வியின் வாசகத்தைப் படியுங்கள். 2003 ஜனவரியில் பியூ சோதித்தது: சதாமின் ஆட்சியை முடிக்க ஈராக் மீது படையெடுக்கலாமா என்றால் 68 சதவீதம் ஆதரவு. ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்கள் உயிரிழக்கவோ காயப்படவோ நேர்ந்தாலும் படையெடுக்கலாமா என்றால் 43. எந்த வாசகத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ அதுதான் தலைப்பு.

உட்பிரிவு எண்களை வைத்துச் செய்தி எழுதியிருந்தால் அந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று தேடுங்கள். ஆயிரம் பேர் கணிப்பில் ஹிஸ்பானிய ஆண்கள் அறுபது எழுபது பேர்தான் இருப்பார்கள். மேலே சொன்ன சூத்திரத்தில் 64-ஐப் போடுங்கள், 12 வரும்.

பிப்ரவரி 26

செய்திக்கும் அதே மாதிரி கேட்டார்கள். சுருக்கமாக: தலைப்பை எழுதுகிறவர் பெரும்பாலும் செய்தியை எழுதியவர் இல்லை. தீர்ப்பு, மசோதா, அறிக்கை எதைப் பற்றிய செய்தியாக இருந்தாலும் மூலத்தைத் திறங்கள். மசோதாக்கள் நாடாளுமன்றத் தளத்தில் இருக்கின்றன, உரைகளும் விசாரணைகளும் சி-ஸ்பான் தொலைக்காட்சியில் வெட்டாமல் இருக்கின்றன. பெயர் சொன்ன ஆதாரம் எத்தனை, "விஷயம் அறிந்தவர்கள்" எத்தனை என்று எண்ணுங்கள். பெயரில்லாத ஆதாரம் எல்லாம் பொய்யில்லை, ஆனால் அது ஒருவரா நால்வரா, நேரில் பார்த்தவரா கேள்விப்பட்டவரா என்று செய்தி சொல்ல வேண்டும். தலைப்பு பிறகு மாறியிருக்கிறதா என்று இணையக் காப்பகத்தில் பாருங்கள், திருத்தம் கீழே போட்டிருக்கிறார்களா, சத்தமில்லாமல் மாற்றினார்களா என்று தெரிந்துவிடும்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியது: "அப்படியானால் கணிப்பாளர் அழைத்தால் நான் எடுக்க வேண்டுமா?"

எடுங்கள். மேலே எழுதியதெல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. அவநம்பிக்கையால் போனை வைக்கிறோம், நாம் வைத்ததால் எண் சாய்கிறது, சாய்ந்த எண்ணைப் பார்த்து அவநம்பிக்கை கூடுகிறது.

உண்மையான கணிப்பு என்று எப்படித் தெரியும்? நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் சொல்லுவார்கள். பணம், சமூகப் பாதுகாப்பு எண், வங்கி விவரம் கேட்க மாட்டார்கள். எந்தக் கேள்வியையும் தாண்டிப் போகச் சொல்லலாம். ஒரு நிமிடத்தில் முடிந்து, ஒரே வேட்பாளரைப் பற்றி ஒரு குற்றச்சாட்டை மட்டும் கேள்வி வடிவில் சொல்லிவிட்டு, வயது படிப்பு எதுவும் கேட்காமல் வைத்தால் அது கணிப்பே அல்ல, பிரசாரம். அதை வைத்துவிடலாம்.

கடைசிவரை இருங்கள். வயது, படிப்பு, இனம் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அவை இல்லாமல் உங்களுக்கு எடை போட முடியாது, பாதியில் நின்ற பேட்டியைப் பலர் எண்ணிக்கையில் சேர்ப்பதும் இல்லை. "டிரம்ப்" என்று ஒரு வார்த்தை சொல்லி, திட்டிவிட்டு வைத்தவர்கள் கணிசமானவர்கள் என்பதைச் சியெனா குழுவே கண்டது. 2020-ல் அவர்களை எண்ணவில்லை. 2024-ல் எண்ணத் தொடங்கினார்கள். அன்றைக்கு எண்ணியிருந்தால் எண் டிரம்ப் பக்கம் ஒரு புள்ளிக்குச் சற்று மேல் நகர்ந்திருக்கும் என்றார்கள். பதில் சொன்னவர்கள்தான் அவர்களும், வயதைக் கேட்கும் கேள்வி வரும்வரை நிற்கவில்லை.